பலகையில் எண்பது, கையில் பதினான்கு

ஐயா, உன் போன் அடித்து அடித்துத் தானாக நின்றுவிடுகிறது. அனுப்புகிற செய்திக்கும் பதில் இல்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடைசியாக நீ அனுப்பியது ஒரே ஒரு வரி. "கல்யாணத்த நிறுத்திருங்கம்மா." அதைப் படித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. பத்து காஜா ஊர்க் கோவில் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. பெண் யாரோ அசலாரா? என் கூடப் பிறந்த அண்ணன் மகள் ஷாமினி. எனக்கு வயது அறுபது ஆகப் போகிறது. ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அந்தத் தோட்டமே இல்லாமல் போய், தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து, எவ்வளவோ பார்த்துவிட்டேன். ஆனால் ஜெயித்துவிட்டு வந்த பிள்ளையைச் சொந்த ஜனமே திருடன் என்று சொல்லிய நாளை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. அந்தத் திடுக்கிடல் இன்னும் எனக்கு அடங்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீதான் அங்கே இருந்தாயே என்று கேட்பாய். நீ குதிரை மேல் இருந்தாய் ஐயா, நாங்கள் கம்பிக்கு இந்தப் பக்கம் இருந்தோம். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. எனக்கே அப்போது தெரியவில்லை.

சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே நின்றுபோய் நீ திரும்பி வந்தபோது உன் மாமாவுக்குத்தான் எல்லாரையும்விட சந்தோஷம். அண்ணன் கொண்டோ அடுக்குமாடியில் ஜாகாவாகக் காவல் வேலை பார்த்தாலும் நம் தோட்டத்து ஜனத்துக்கு இன்னும் அவர்தானே தலைவர். தோட்டமே இல்லை, ரப்பரை அழித்துச் செம்பனை மரம் போட்டு, அதையும் அழித்து வீடு கட்டிவிட்டார்கள், ஆனால் வாட்சப்பில் தோட்டத்துப் பெயரில் குழு மட்டும் உயிரோடு இருக்கிறது. அதில் அண்ணன் பேப்பரில் வந்த உன் பெயரைப் படம் எடுத்துப் போட்டார். சனிக்கிழமை, ஈப்போ, ஏழாம் எண் குதிரை. "நம்ம மருமவன் நம்ம ஊர்ல ஓட்டுறான். வீட்டுக்கு நூறு வெள்ளி பணம் அவன் குதிர மேல கட்டணும், அதுதான் அவனுக்கு மரியாத லா" என்று குரல் செய்தி வேறு. நீ அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஓட்டுகிறவன் பணம் கட்டவும் கூடாது, யாருக்கும் துப்புச் சொல்லவும் கூடாது என்று எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாய். அவர்களாகவே கூடினார்கள், அவர்களாகவே முடிவு செய்தார்கள்.

நம் ஜனத்துக்குப் பந்தயம் தெரியாது, நம்பர்தான் தெரியும். நாலு இலக்க எண் எழுதி லாட்டரிக் கடையில் கொடுப்பது, புதன், சனி, ஞாயிறு குலுக்கலுக்குக் காத்திருப்பது. அதில் ஒரு வழக்கம் உண்டு, நீயும் பார்த்து வளர்ந்ததுதான். கனவில் வந்த நம்பரை ஒளித்துவைத்தால் விழாது. வரிசை வீட்டில் யாருக்குக் கனவு வந்தாலும் காலையில் எல்லா வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும். அடித்தால் எல்லாருக்கும் அடிக்கும், ஒருத்தருக்கு விழுந்ததால் இன்னொருத்தருக்குக் குறையாது, ஒரு வெள்ளிக்கு இவ்வளவு என்று பரிசு எழுதியே வைத்திருக்கிறான். நீ முதல் வருடம் பழகும்போது குதிரை தள்ளிவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? நான் உன் கழுத்து எலும்பைப் பார்த்து அழுதுகொண்டிருக்கிறேன், உன் மாமா கட்டிலுக்கு அடியில் குனிந்து கட்டில் எண்ணைப் படித்துக்கொண்டிருக்கிறார்! அந்த எண் ஆறுதல் பரிசில் அடித்தது. தாமான் முழுக்கப் பணம். உன்னைப் பார்க்க ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்து குவித்தார்கள். நீகூட எலும்பு வலியோடு சிரித்தாய். எனக்கு அன்றைக்கே சிரிப்பு வரவில்லை.

அந்தப் பழக்கத்தில்தான் ஏழாம் எண்ணையும் ஊரெல்லாம் சொன்னார்கள். பீடோரில் இருக்கும் உன் சித்திக்கு நானேதான் போன் போட்டுச் சொன்னேன். அவள் அவளுடைய பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். நல்லதை நாலு பேருக்குச் சொல்கிறோம் என்று எனக்கு ஒரே பெருமை.

சனிக்கிழமை நாங்கள் பந்தயத் திடலுக்குப் போய் இறங்கும்போது பகல் ஒன்றரை மணி தாண்டியிருந்தது. உன் அப்பா கையில் மாலை, அத்தைமார் கையில் பொன்னாடை, என்னமோ மந்திரி வரவேற்பு மாதிரி. பெரிய பலகையில் ஒவ்வொரு குதிரைக்கும் எதிரே ஓர் எண் மின்னிக்கொண்டிருந்தது. ஐந்து வெள்ளிச் சீட்டு வாங்கினால் ஜெயித்த பிறகு எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் அந்த எண் என்று யாரோ சொன்னார்கள். உன் குதிரைக்கு எண்பது. ஐந்துக்கு எண்பது! உடனே வாங்கிவிடலாம் என்று எல்லாரும் எழுந்தார்கள். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். "எமகண்டம் ஓடுது லா! மூணு மணி வரைக்கும் ஒருத்தரும் சீட்டு வாங்கக் கூடாது. பையன் உசுரு குதிர மேல இருக்கு." அது அவர் பாசத்தில் சொன்னது, அதை நான் மறுக்க மாட்டேன். அத்தனை பேரும் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த எண்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி அதற்குள் ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டாள், இன்னொருவர் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றிவிட்டார்.

மூன்று மணி அடித்ததுதான் தாமதம், மொத்த ஜனமும் கவுன்ட்டருக்கு ஓடியது. உன் பந்தயம் மூன்று பத்துக்கு. இருந்த எல்லா ஜன்னலிலும் நம் ஆட்கள்தான். வீட்டுக்கு நூறு என்று சொன்னது போய், பலகையைப் பார்த்த ஆசையில் இருநூறு, முந்நூறு என்று போட்டார்கள். என் பின்னால் நின்ற சீனத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, நம்பர் துஜோ கா? அடா திப் கா?" என்று, ஏழாம் எண்ணா, துப்பு ஏதாவது இருக்கிறதா என்று மலாயில் ரகசியமாகக் கேட்டார். துப்பு கிப்பு ஒன்றுமில்லை, என் மகன் ஓட்டுகிறான் என்று சொன்னேன். பெற்ற பெருமையில் வாய் சும்மா இருக்கவில்லை. அவரும் ஏழாம் எண்ணில் ஐந்நூறு போட்டார், போய்த் தன் கூட்டாளிகளுக்கும் சொன்னார். நாங்கள் சீட்டோடு கம்பியோரம் போய் நின்றபோது குதிரைகள் கூண்டுக்குள் போய்விட்டன. அதன் பிறகு பலகையை யார் பார்த்தார்கள்? எல்லார் கண்ணும் உன்மேல்.

நீ கடைசி வளைவில் நாலாவதாக வந்தாய். பிறகு எப்படி வந்தாய் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் அப்பா, வீட்டில் நாளுக்கு நாலு வார்த்தை பேசாத மனிதர், கம்பியில் ஏறி நின்று கத்தினார். அண்ணன் அழுதார். உன் பெயரைச் சொல்லி அத்தனை பேரும் போட்ட சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். அந்த நிமிடம் எல்லாரும் உனக்காகத்தான் கத்தினோம். அது சத்தியம் ஐயா, அதை மட்டும் நீ சந்தேகப்படாதே.

பிறகு பலகையில் முடிவு வந்தது. ஏழாம் எண், வின், பதினான்கு வெள்ளி.

முதலில் யாருக்கும் புரியவில்லை. எண்பது எங்கே என்று தேடினோம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தோம். வேறு பந்தயத்து முடிவைப் போட்டுவிட்டானோ என்றுகூட நினைத்தோம். கவுன்ட்டரில் கொடுத்தால் சரியாக ஐந்துக்குப் பதினான்கு வீதம்தான் எண்ணிக் கொடுத்தான். அப்படியே எல்லார் முகமும் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. போட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கையில் வாங்கிக்கொண்டு ஒரு கூட்டம் பறிகொடுத்த மாதிரி நிற்கிறது. ஃபிரிட்ஜ்காரி, "பலகைய மாத்திட்டானுங்க" என்றாள். "ஆள வாங்கிட்டானுங்க" என்றார் டயர்காரர். வாங்கப்பட்ட ஆள் யார் என்று யாரும் சொல்லவில்லை. எல்லாரும் அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள்.

கார் நிறுத்துமிடத்துக்கு நீ வந்தாய். முகத்தில் சேறு காய்ந்திருந்தது, கையில் பூட்ஸ் பை. அவ்வளவு தூரத்திலேயே சிரித்துக்கொண்டு வந்தாய். மாலையைப் பார்த்தாய். மாலை நகரவில்லை. அண்ணன்தான் முன்னால் வந்தார். "எவ்வளவு வாங்கின?"

"என்ன மாமா?"

"பலகையில எம்பது, கையில பதினாலு. நடுவுல அறுவத்தாறு எங்க போச்சு? எங்க வயித்துல அடிச்சு உன் முதலாளி உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

நீ அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அண்ணன் என்றும் பார்க்காமல் கன்னத்தில் ஒன்று விட்டிருக்க வேண்டும். நான் சொன்னதோ, "தெரிஞ்சா சொல்லிருய்யா." அட பாவி மகளே! ஏதோ உனக்குத் தெரிந்ததை நீ மறைக்கிற மாதிரி. "அம்மா, நான் ஜெயிச்சேன்மா" என்றாய். அவ்வளவுதான். காரில் ஏறிப் போய்விட்டாய். காலையிலிருந்து எடைக்காக அரைத் தோசையோடு இருந்த பிள்ளை, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாய்.

மறுநாள் ஷாமினி தஞ்சோங் மாலிமிலிருந்து ரயில் ஏறி வந்துவிட்டாள். அங்கே கார் தொழிற்சாலையில் சம்பளக் கணக்குப் பார்க்கிற பெண், பந்தயத்தன்று ஓவர்டைம் என்று அங்கேயே தங்கிவிட்டாள். வந்ததும் வராததுமாக, "அத்தை, எல்லாரும் எத்தன மணிக்குச் சீட்டு வாங்குனீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அத்தை, எம்பத நீங்களேதான் பதினாலா ஆக்கியிருக்கீங்க."

"என்னடி உளறுற?"

"இது நம்பர் மாதிரி இல்ல அத்தை. நம்பர்ல பரிசு முன்னாடியே எழுதியிருக்கு. இங்க யாரும் தன் காச எடுத்துக் குடுக்கறதில்ல. கட்டுற எல்லாரோட காசும் ஒரே பானையில விழுது. அதுல வரியும் நடத்துறவங்க பங்கும் முதல்ல போயிரும். மிச்சத்த ஜெயிச்ச குதிரையில கட்டுனவங்க பிரிச்சுக்கணும். பத்து பேரு ஆளுக்கு அஞ்சு வெள்ளி போட்டா அம்பது. செலவு போக நாப்பதுன்னு வைங்க. ஜெயிச்ச குதிரையில ஒரே ஆளு கட்டியிருந்தா நாப்பதும் அவருக்கு. அஞ்சு பேரு கட்டியிருந்தா?"

"ஆளுக்கு எட்டு."

"பத்து பேரும் அதே குதிரையில கட்டியிருந்தா?"

ஆளுக்கு நாலு! ஐந்து போட்டு, குதிரை ஜெயித்து, நாலா? "அந்த மாதிரி வந்தா போட்ட காசையாவது திருப்பிக் குடுத்துருவாங்க போல. ஆனா கணக்கு அதுதான்" என்றாள். பலகையில் மின்னுவது வாக்குறுதி இல்லையாம். அந்த நொடியில் பந்தயம் முடிந்திருந்தால் இவ்வளவு என்று காட்டுகிறதாம். ஒவ்வொரு சீட்டு விற்கும்போதும் அது மாறுமாம். குதிரை கூண்டைவிட்டுப் பாய்ந்து, விற்பனையை மூடிய பிறகுதான் உண்மையான கணக்கு. நாங்கள் எமகண்டத்துக்குப் பயந்து, ஏழாம் எண்ணில் யாரும் கட்டாதபோது மின்னிய எண்பதைப் பார்த்து எச்சில் ஊற உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாகப் போய் விழுந்திருக்கிறோம். நான் ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டுச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருத்தர் பங்கும் குறைந்துகொண்டே போயிருக்கிறது. அந்தச் சீனத்துப் பெரியவரிடம் அளந்தேனே, அதுவும் சேர்த்து. நாங்கள் வாங்கிய பதினான்கில் எவ்வளவு எங்கள் காசேதான் என்று அவள் விரல் விட்டுக் காட்டினாள். திருடன் யார் என்று தேடினோமே, திருடு போகவே இல்லையே ஐயா!

இதில் உனக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ அந்தத் தொழிலிலேயே பத்து வருடம் இருக்கிறாய், இந்தக் கணக்கு உனக்குத் தெரியாமல் இருக்காது. வாயைத் திறந்து "மாமா, நீங்க எல்லாரும் ஒரே நேரத்துல கட்டுனதால வந்தது" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். நீ சொல்ல மாட்டாய். சின்ன வயதிலிருந்தே அடி வாங்கினால் அழாமல் வீட்டைவிட்டுக் கொல்லைப்புறம் போய்விடுகிற பிள்ளை. கல்யாணம் ஆன பிறகு அது உதவாது. கட்டிக்கொண்டவளிடம் பேசாமல் காரில் ஏறிப் போனால் அவள் என்ன நினைப்பாள்? தப்பாகச் சொன்னவனை நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போ. கேட்ட பிறகும் அவன் திருந்தாவிட்டால் அது அவன் பாடு.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கோவில் மண்டபத்தில் ஜனத்தைக் கூட்டினார். புகார் கொடுக்கப் போகிறாராம், கையெழுத்து வேண்டுமாம். ஷாமினி எழுந்து என்னிடம் சொன்ன கணக்கை அப்படியே சொன்னாள். கேட்டார்கள். ஃபிரிட்ஜ்காரி முதலில் தலையைக் குனிந்தாள். டயர்காரர், "அப்ப பையன் ஒண்ணும் பண்ணலயா" என்று தொண்டையைக் கனைத்தார். எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. எல்லாரும் வெட்கப்படுகிறார்கள், அண்ணன் உனக்கு ஒரு போன் போட்டு மன்னிப்புக் கேட்பார், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அண்ணனும் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். யோசித்துவிட்டுக் கேட்டார் பார், அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"அப்போ இனிமே அவன் ஓட்டுனா ஊரே அவன் மேல கட்டும். பான நெறையும். நாம சத்தமில்லாம பக்கத்துக் குதிரையில கட்டுனா, அவன் தோத்தா நமக்கு நெறைய வரும்ல?"

தூக்கிவாரிப் போட்டது. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. கணக்கு சரியாக இருக்கிறதா என்று மகள் முகத்தைப் பார்க்கிறார். அதைவிடக் கொடுமை, பின்வரிசையில் இரண்டு மூன்று பேர், "அண்ணே சொல்றது நாயந்தான் லா" என்று பேச ஆரம்பித்தார்கள். எந்தக் குதிரை, எத்தனை மணிக்குக் கட்டுவது என்றுகூடப் போய்விட்டார்கள். உன் பெயரைச் சொல்லி அழுத அதே வாய்கள். என்னைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி நான் அசையாமல் இருந்தேன்.

ஷாமினி நாற்காலியைத் தள்ளிவிட்டு அவர் எதிரில் போய் நின்றாள். "அப்பா, அவரு விழணும்னு நீங்க வேண்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நான் அவருக்குச் சோறு போடணும். இனிமே உங்க வீட்டுல இருந்துகிட்டு நான் எப்படிப்பா அவரு முகத்துல முழிக்கறது?" அண்ணன், "ஏய், சும்மா கேட்டேன்டி" என்றார். அவள் வெளியே நடந்தாள். பிறகுதான் எனக்குக் கால் வந்தது. நானும் எழுந்தேன். கூடப் பிறந்தவர் என்றும் பார்க்காமல், "என் புள்ள கல்யாணத்துக்கு நீ பொண்ணோட அப்பனா வந்தா வா, பந்தயம் கட்டுறவனா வந்தா மண்டபத்து வாசல மிதிக்காத" என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் வந்தேன்.

அன்றிலிருந்து அவள் நம் வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு பை துணியோடு வந்தாள், உன் அறையில் படுக்கிறாள், இங்கிருந்தே விடியற்காலை ரயிலுக்கு ஓடுகிறாள். உன் அப்பா தினமும் ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறார். அண்ணன் நேற்று வந்து கேட் அருகே நின்றார். கண் சிவந்திருந்தது, சாப்பிட்டாரா என்னமோ. எனக்கும் பாசம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் கேட்டைத் திறக்கவில்லை. முதலில் உன்னிடம் பேசிவிட்டு வரட்டும். அவர் போன் போட்டால் எடு, எடுத்துத் திட்டவாவது செய்.

நீ அனுப்பிய அந்த ஒரு வரியை ஷாமினியிடம் காட்டினேன், மறைக்கவில்லை. படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நிறுத்தணும்னா நேர்ல வந்து என் முகத்தப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க அத்தை. போன்ல வர்ற வார்த்தைக்கெல்லாம் நான் இந்த வீட்ட விட்டு எறங்க மாட்டேன்" என்றாள். நியாயம்தானே? வா. வந்து அவளிடம் சொல். நீ வேண்டாம் என்று சொன்னாலும் நான் அவளை அனுப்பப் போவதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் அம்மா சொல்லவில்லை என்று சொல்லாதே. இந்த வீட்டில் ஒருவர்தான் இருக்க முடியும் என்று வந்தால் நீதான் பையைத் தூக்க வேண்டியிருக்கும். ஏனென்றால் அத்தனை பேர் கூடியிருந்த மண்டபத்தில் உனக்காக முதலில் எழுந்தவள் அவள். உன்னைப் பெற்ற நான் இரண்டாவதாகத்தான் எழுந்தேன்.

அம்மா